சேன் பியேர்: ஒரு கரிபியத் துறைநகரின் நிலமும் வரலாறும்

கரிபியக் கடலின் கீழெல்லையில் வில்போல் வளைந்து கிடக்கும் தீவுத்தொடரில் மார்த்தினிக் ஒன்று. அத்தீவின் வடமேற்குக் கரையில் சேன் பியேர் என்னும் நகராட்சி அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 39 சதுரக் கிலோமீட்டர்; இன்று அங்கு வாழ்வார் நாலாயிரத்தைச் சூழ்ந்த தொகையினரே. இச்சிறு நகரை உலகம் அறிந்திருப்பது ஒரே ஒரு நாளின் நிகழ்ச்சியால் ஆகும். 1902ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் காலையில் பெலே என்னும் எரிமலை ஒன்றிரண்டு நிமிடங்களில் இந்நகரை அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். எரிமலைகளைப் பற்றி எழுதுவோர் எவரும் இதனைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆயினும் அந்நாளுக்கு முன்னர் 267 ஆண்டுகள் அந்நகர் வாழ்ந்த வாழ்வும், அதன்பின் சட்டத்தாலும் நீக்கப்பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் நகராட்சியாக எழுந்த வரலாறும் பலரால் அறியப்பெறவில்லை. நிலம் அந்நகரை ஆக்கியது, நிலமே அழித்தது என்று கூறி அமைவார் உளர். அக்கூற்று பாதி உண்மையே. நிலத்தை அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு படித்தனர், அப்படிப்பு எவ்விடத்தில் தவறியது என்பதே மற்றைப் பாதி என நாம் கருதுகின்றோம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு மக்கள் வாழ்வை ஆராயும் மரபில் வந்த நமக்கு இவ்வாராய்ச்சி புதுவதன்று.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோம். அப்பகுதிக் கடலில் ஆண்டின் பெரும்பொழுதும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வாணிகக் காற்று வீசும். தீவின் கீழ்க்கரை அக்காற்றை நேரே எதிர்கொள்வதால் அலைமோதும் இயல்பினது. மேற்கரையோ மலைகளின் மறைவில் அமைதியாகக் கிடக்கும். சேன் பியேர் இம்மேற்கரையில் உள்ளது. பாய்க்கலங்களின் காலத்தில் இவ்வேறுபாடே ஓர் ஊரின் வாழ்வைத் துணிந்தது. அக்கரையில் கடலின் தரை சட்டென்று ஆழ்வதால், பெருங்கலங்களும் கரைக்கு மிக அருகே வந்து நங்கூரம் பாய்ச்ச இயன்றது. கட்டிய துறைமுகம் அங்கு இருந்ததில்லை. திறந்த விரிகுடாவில் கலங்கள் வரிசையாக நிற்கும். சருக்கரைப் பீப்பாய்களைச் சிறுபடகுகள் மணற்கரையிலிருந்து ஏற்றிச் செல்லும். நகரின் தென்பகுதிக்கு ‘முயாஜ்’ என்று பெயர். நங்கூரம் பாய்ச்சும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். வடபகுதி ‘கோட்டை’ எனப்பட்டது. இரண்டற்கும் இடையே நகரின் நடுப்பகுதி இருந்தது. ரொக்சலான் என்னும் சிற்றாறு நகரின் ஊடே ஓடிக் கடலில் கலக்கின்றது. பின்னே குன்றுகள் செங்குத்தாக எழுவதால் நகர் கடலுக்கும் குன்றுக்கும் இடையே நீண்டு ஒடுங்கியதோர் ஆடைக்கரை போல் வளர்ந்தது. குறுக்குத் தெருக்கள் சிலவற்றில் படிகள் ஏறியே செல்லல் வேண்டும். அவற்றுள் ஒன்றற்கு ‘வானுக்கு ஏறும் தெரு’ என மக்கள் இட்ட பெயர் இன்றும் வழங்குகின்றது.

வடக்கே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில், 1,397 மீட்டர் உயர்ந்து நிற்பது பெலே மலை. தோலுரிந்தது, மொட்டையானது என்பது அப்பெயரின் பொருள். அதன் மேற்குச் சரிவில் பிறக்கும் ஆறுகள் நகருக்கு வடக்கே கடலைச் சேர்கின்றன. அவற்றுள் ‘வறண்ட ஆறு’ எனப் பொருள்படும் செஷ் ஆற்றையும், ‘வெள்ளாறு’ எனப் பொருள்படும் பிளான்ஷ் ஆற்றையும் கற்பார் நினைவிற் கொள்க. பின்னர் அவற்றைக் கூறவேண்டிவரும். மலையின் பழஞ்சாம்பலே அச்சரிவுகளின் மண். கரும்பு அம்மண்ணில் செழித்து வளர்ந்தது. ஆகவே துறையை அளித்தது காற்று என்றால், துறைக்கு வேண்டிய சரக்கை அளித்தது எரிமலை எனலாம்.

பெலேன் தெனாம்புக் என்னும் பிரெஞ்சுக்காரர் 1635 செப்டம்பரில் சேன் கிறிஸ்தோப் தீவிலிருந்து ஆட்களுடன் வந்து ரொக்சலான் ஆற்று முகத்தில் கோட்டை ஒன்றை நாட்டினார். மார்த்தினிக்கில் பிரெஞ்சுக் குடியேற்றம் அதுவே தொடக்கம். ஆனால் அந்நிலம் ஆளில்லாத நிலமன்று. கலினாகோ மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1658இல் நிகழ்ந்த போரில் அவர்கள் தீவினின்றும் துரத்தப்பெற்றனர். 1660இல் எழுந்த உடன்படிக்கை தொமினிக்காவையும் சேன் வின்சென்டையும் மட்டுமே அவர்கட்கு விட்டது. இங்கு ஒன்று கூறுதல் தகும். நிலநூலார் மண்ணடுக்குகளை ஆராய்ந்து, ஏறத்தாழ கி.பி. 1300இல் பெலே பெருஞ்சீற்றம் ஒன்று கொண்டது எனத் துணிந்துள்ளனர். அந்நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மக்களை அகற்றியபோது, நிலத்தைப் பற்றி அவர்கள் அறிந்திருக்கக் கூடியவையும் உடன் அகன்றன. சேன் பியேர் நகரின் நினைவு 1635இல் தொடங்குவது. அதற்கு முற்பட்ட மலை அதற்குத் தெரியாது. இக்குறைபாட்டின் விளைவு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

சருக்கரையும் அடிமை முறையும் பதினேழாம் நூற்றாண்டிலேயே நகரை வளர்த்துவிட்டன. 1692 அளவில் ஆட்சித் தலைமை தெற்கே உள்ள போர் ருவாயால் நகருக்கு, இன்றைய போர் தெ பிரான்சுக்கு, மாறியது. அங்குள்ள உள்வளைந்த விரிகுடா சூறாவளிக்குக் காப்பானது; சேன் பியேரின் திறந்த துறை அத்தகையதன்று. சூறாவளிப் பருவத்தில் கலங்கள் சேன் பியேரை விட்டு அங்குச் சென்று தங்குதல் வழக்கமாயிற்று. 1780 அக்டோபரில் வீசிய பெருஞ்சூறாவளியில் சேன் பியேரின் கரையோர வீடுகளைக் கடல் கொண்டது. எனினும் வாணிகம் சேன் பியேரை விட்டு நீங்கவில்லை. ஆட்சி ஓரிடத்தும் பொருள் வேறிடத்தும் என இரு நகர்கள் ஒரு தீவைப் பகிர்ந்து கொண்டன. 1786இல் எண்ணூறு பேர் அமரத்தக்க நாடக அரங்கு சேன் பியேரில் எழுந்தது. 1803இல் தாவரத் தோட்டம் அமைந்தது. பின்னர்க் குதிரை இழுக்கும் தண்டூர்தியும் மின்விளக்கும் வந்தன. ‘அந்தில்லீசின் பாரிசு’ என்னும் புகழ்ப்பெயர் அக்காலத்தது. 1887 முதல் 1889 வரை அங்குத் தங்கிய லாஃப்காடியோ ஹெர்ன் எழுதி 1890இல் வெளிவந்த நூல், தெருவோரக் கால்வாய்களில் ஓடிய மலைநீரையும் சுமை தூக்கிச் சென்ற பெண்டிரையும் நமக்குக் காட்டுகின்றது. அழிந்த நகரைக் காண விழைவார்க்கு அந்நூல் ஓர் அரிய கருவியாம்.

அப்புகழ்ப்பெயரில் மயங்குதல் ஆராய்ச்சியாளர்க்கு ஆகாது. அரங்கின் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்தது அடிமைகளின் உழைப்பு. பிரெஞ்சுப் புரட்சியரசு 1794இல் அடிமை முறையை ஒழித்தபோதும் மார்த்தினிக்கில் அது ஒழியவில்லை. அவ்வாண்டில் தீவு ஆங்கிலேயர் கையில் இருந்ததே காரணம். விடுதலை 1848இல் வந்தது. அது வந்த முறை நினைவுகூரத்தக்கது. ஏப்ரல் 27ஆம் நாள் பாரிசில் ஆணை பிறந்தது. ஆயினும் அவ்வாணையைக் கொண்ட கலம் தீவை அடையவில்லை. மே மாதத்தில், பறை அறைந்தான் என்னும் குற்றத்துக்காக ரொமேன் என்னும் அடிமை சிறையிடப்பெற்றான். மக்கள் திரண்டு எழுந்தனர். மே 22ஆம் நாள் சேன் பியேரில் குருதி சிந்திற்று. மறுநாள் ஆளுநர் ரொஸ்தொலான் ஆணையின் வரவை எதிர்நோக்காமலே விடுதலையை அறிவித்தார். ஆகவே மார்த்தினிக்கு மக்கள் இன்றும் மே 22ஆம் நாளையே விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஏப்ரல் 27ஐ அவர்கள் கொள்ளாமை பொருளுடையது. விடுதலையைப் பாரிசு அளித்ததாகவன்றிச் சேன் பியேரின் தெருக்களில் தாமே பெற்றதாக அவர்கள் கருதுகின்றனர். நாமும் அதுவே வரலாற்றுக்கு ஒத்தது என்போம்.

விடுதலை பெற்றோர் பலர் தோட்டங்களை விட்டு நீங்கினர். கூலியை உயர்த்தி அவர்களை மீட்பதைக் காட்டினும் கடல்கடந்து புதிய ஆட்களைக் கொணர்தலே தோட்ட முதலாளிகட்கு நலமெனத் தோன்றிற்று. இவ்விடத்தில்தான் சேன் பியேரின் வரலாறு தமிழர் வரலாற்றோடு பிணைகின்றது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஆள்திரட்டல் நடைபெற்றது. ‘ஒரேலி’ என்னும் கலம் 1853 மே 6ஆம் நாள் 313 பேருடன் சேன் பியேர்த் துறையை அடைந்தது. 1883 வரை இம்முறையில் மார்த்தினிக்கிற்குச் சென்றோர் 25,000க்கு மேற்பட்டோர். அவருள் தமிழ் பேசுவோர் மிகுதி. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. அது முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர், பலர் மீளவில்லை. தங்கியோர் தீவின் வடபகுதித் தோட்டங்களில், சிறப்பாகப் பாஸ் புவேந்த் போன்ற ஊர்களில், வேரூன்றினர். அவர்தம் வழியினர் மொழியை இழந்தனர். வழிபாட்டை முற்றும் இழக்கவில்லை. மாரியம்மன் பெயர் அங்கு ‘மாரியேமேன்’ என வழங்கும். ‘மால்தெவிதான்’ என்னும் தெய்வப் பெயர் மதுரை வீரன் என்பதன் திரிபு எனக் கருதுவர். ஒலிநூல் வல்லார் இத்திரிபைத் தனியே ஆராய்தல் நன்று. இங்கு அதற்கு இடமில்லை.

இனி 1902ஐ நோக்குவோம். மலை முற்றும் அறியாத மலையன்று. 1792இலும் 1851இலும் அது சாம்பல் கக்கியது; 1851இல் நகரின் கூரைகளில் சாம்பல் படிந்தது. இருமுறையும் எவர்க்கும் பெருந்தீங்கு நேரவில்லை. நகரின் நினைவில் இருந்த எரிமலை இதுவே: சீறும், சாம்பல் தூவும், அடங்கும். 1902 ஏப்ரல் இறுதியில் மீண்டும் நிலம் அதிர்ந்தது, கந்தக நாற்றம் எழுந்தது, சாம்பல் பெய்தது. மே 5ஆம் நாள் பிளான்ஷ் ஆற்றின் வழியே கொதிக்கும் சேறு பாய்ந்து ஆற்றுமுகத்திலிருந்த கெரேன் சருக்கரை ஆலையை மூடியது. ஆலையில் இருந்தோர் மாண்டனர். சேறு கடலிற் புகுந்த விசையால் கடல் பின்வாங்கிப் பின் கரையேறியது.

ஆளுநர் லூயி முத்தே ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தார். அக்குழு மே 7ஆம் நாள் கூறிய முடிவு எம் கட்டுரைக்கு அச்சாணி போன்றது. எரிவாயின் இருப்பிடத்தையும் அதனினின்றும் கடல்நோக்கித் திறந்த பள்ளத்தாக்குகளையும் நோக்கின், சேன் பியேருக்குத் தீங்கு நேராது என்பது அதன் கருத்து. பிற்காலத்தார் இதனை எள்ளி நகையாடினர். நாம் அவ்வாறு செய்ய மாட்டோம். படத்தை எடுத்து நோக்குக. உச்சியிலிருந்த எரிவாயின் விளிம்பு தென்மேற்கே பிளவுண்டு பிளான்ஷ் ஆற்றின் பள்ளத்தாக்கில் திறந்திருந்தது. அவ்வழியே வழியும் நீரும் சேறும் தீக்குழம்பும் நகருக்கு வடக்கே கடலை அடையும். இடையில் உள்ள மேடுகளும் செஷ் ஆற்றின் பள்ளமும் நகரைக் காக்கும். இரண்டு நாட்களுக்கு முன் சேறு அவ்வாறே ஓடியது. குழுவினர் நிலத்தைச் சரியாகவே படித்தனர். ஆனால் அவர்கள் படித்தது ஓடும் பொருளுக்கு உரிய நிலம். மறுநாள் வந்தது பள்ளத்துக்குக் கட்டுப்படாத முகில். தென்படும் மேடுகளைத் தாண்டி வரும் எரிமுகில் ஒன்று உண்டு என்பதை அந்நாளின் அறிவியல் வகுத்து அறிந்திருக்கவில்லை.

மே 8ஆம் நாள் கிறித்துவின் விண்ணேற்ற விழா. காலை ஏறத்தாழ 8 மணிக்கு மலையின் பக்கம் பிளந்து, கனல்வளியும் சாம்பலும் கல்லும் கலந்த கருமுகில் நிலத்தோடு உராய்ந்து நகரை நோக்கிப் பாய்ந்தது. ஓரிரு நிமிடங்களில் நகர் எரிந்தது. துறையில் நின்ற கலங்கள் கவிழ்ந்தன, எரிந்தன; ‘ராடம்’ என்னும் ஆங்கிலக் கலம் மட்டும் தீக்காயமுற்ற மாலுமிகளுடன் தப்பிச் சேன் லூசியாவை அடைந்தது. இடிபாடுகளை ஆராய்ந்தோர் ஒன்றைக் கண்டனர். வடதெற்காக நீண்ட சுவர்கள் பல நின்றன; கிழமேற்காகக் குறுக்கே நின்றவை வீழ்ந்து கிடந்தன. முகில் வடக்கிலிருந்து கிடையாக வந்தது என்பதற்குக் கல்லில் எழுதிய சான்று அது. பிரெஞ்சு அறிவியற் கழகம் அனுப்பிய அல்பிரெட் லக்ருவா இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1904இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். எரிமலை நூலில் இவ்வகைச் சீற்றத்துக்குப் ‘பெலே வகை’ என்னும் பெயர் நிலைத்தது. மலை அத்துடன் அடங்கவில்லை. மே 20இல் மீண்டும் ஒரு முகில் எஞ்சிய சுவர்களைச் சாய்த்தது. ஆகஸ்டு 30இல் எழுந்தது மோர்ன் ரூஜ் முதலிய உள்ளூர்களில் ஏறத்தாழ ஆயிரவரைக் கொன்றது.

இப்பேரழிவைச் சூழ்ந்து இரு கதைகள் வளர்ந்துள்ளன. இரண்டையும் ஆராய்தல் வேண்டும். ஒன்று, தப்பியவன் ஒருவனே என்பது. நிலவறைச் சிறையில் கிடந்த சிபாரி என்பான் சில நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பெற்றான் என்பது உண்மை. ஆனால் கொம்பேர் லெயாந்தர் என்னும் செருப்புத் தைப்பவனும் நகரின் விளிம்பிலிருந்து தப்பினான். கலங்களில் இருந்தோர் சிலரும் பிழைத்தனர். ‘ஒருவனே’ என்னும் சொல் அமெரிக்கச் சருக்கசு ஒன்று சிபாரியை ஊர்தோறும் காட்டிப் பணம் திரட்டிய காலத்தில் ஊன்றியது. விளம்பரம் வரலாறாகிவிட்டது.

மற்றொன்று, தேர்தலின் பொருட்டு ஆளுநர் மக்களை நகரில் அடைத்து வைத்தார் என்பது. ஏப்ரல் 27இல் தேர்தலின் முதற்சுற்று நடந்ததும், மே 11இல் இரண்டாஞ்சுற்று நடக்கவிருந்ததும் உண்மை. அரசியலாரும் செய்தித்தாளும் மக்களின் அச்சத்தைத் தணிக்க முயன்றதும் மறுக்கற்பாலதன்று. ஆனால் படை நிறுத்தி வழியடைத்தனர் என்னும் செய்தி ஐயத்துக்குரியது. முத்தே தம் மனைவியுடன் 7ஆம் நாள் சேன் பியேருக்கு வந்து மறுநாள் அங்கேயே மாண்டார். குழுவைச் சேர்ந்த ஆசிரியர் கஸ்தோன் லாந்தும் மாண்டார். தாம் நம்பாத ஒன்றைப் பிறர்க்குக் கூறியவர் தம் மனைவியை உடனழைத்து வருவரோ? அன்றியும், அந்நாட்களில் நகரை விட்டுச் சென்றோர் ஒரு சாராராக, மலையடி ஊர்களினின்றும் நகருக்குள் புகல் தேடி வந்தோர் மிகப் பலர். அவர்களை நகருக்கு ஈர்த்தது ஆணையன்று. நகர் காப்பானது என்னும் நம்பிக்கையே. 7ஆம் நாள் சேன் வின்சென்டில் சூபிரியேர் மலை வெடித்து ஏறத்தாழ 1,600 பேரைக் கொன்றபோது, தம் மலையின் விசை அங்குத் தணிந்தது எனச் சேன் பியேர் மக்கள் ஆறுதல் கொண்டனர். வஞ்சகன் ஒருவனைக் கண்டுபிடித்தால் பேரழிவு எளிதில் விளங்கிவிடும். அவ்வெளிமையே அக்கதையின் வலிமை.

நகராட்சியின் சட்ட வரலாற்றை எழுதுவோர் அருகியே உள்ளனர். 1837இல் மார்த்தினிக்கில் நகராட்சி முறை ஏற்பட்டபோது சேன் பியேரும் நகராட்சியாயிற்று. 1902க்குப் பின் அங்கு நகரவையில்லை, வரி செலுத்துவாரில்லை, வாக்காளரில்லை. 1910இல் சட்டம் அந்நகராட்சியை நீக்கி அதன் நிலத்தைத் தெற்கே உள்ள கார்பே நகராட்சியோடு இணைத்தது. மலை கொன்றது மக்களை. ஊரின் பெயரை நீக்கியது இச்சட்டமே. ஆயினும் மனிதர் திரும்பினர். மீன்பிடிப்போர் முன்வந்தனர், இடிந்த சுவர்களையே பின்சுவராகக் கொண்டு குடில்கள் எழுந்தன. பேரழிவின்போது பிரான்சில் இருந்து பிழைத்த விக்தோர் தெபாசு என்பார் 1917இல் மலையடியில் வாங்கிய தோட்டத்தில் மீண்டும் கரும்பு நட்டு வடிசாலை அமைத்தார். 1923இல் சேன் பியேர் மீண்டும் நகராட்சி ஆயிற்று. 1929இல் மலை மறுபடியும் எழுந்தது. இம்முறை மக்கள் வெளியேற்றப்பெற்றனர். மூன்றாண்டு நீடித்த அச்சீற்றத்தை அருகிருந்து ஆராய்ந்த அமெரிக்கர் பிராங்க் பெரட் 1933இல் அங்கு அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். விரிகுடாவின் அடியில் 1902இன் கலங்கள் இன்றும் கிடக்கின்றன. பெலே மலையும் வடமார்த்தினிக்கின் காடுகளும் 2023இல் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பெற்றன. அதற்கு முன்னரே, 2020 இறுதியில், மலையின் அதிர்வுகள் மிகுந்தமையால் எச்சரிக்கை நிலை ஒருபடி உயர்த்தப்பெற்றது. காண்போர்க்கு மலை பேரழகு. காவல் புரிவோர்க்கு நாள்தோறும் படிக்க வேண்டிய ஏடு.

2019இல் புதுக்கி அமைக்கப்பெற்ற அவ்வருங்காட்சியகத்தில் மாண்டோரின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பெற்றுள்ளன. அவை ஏழாயிரத்தளவினவே. 28,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் பெயரின்றி எண்ணாகவே நிற்கின்றனர். அடிமைகட்கு 1848 வரை குடும்பப் பெயர் இல்லை. விடுதலைக்குப் பின்னரே பதிவாளர் பெயர் இட்டனர். நம்மவர் கலமிறங்கியபோது எண்ணிட்டுப் பதியப்பெற்றனர். நகரின் பதிவேடுகள் நகரோடு எரிந்தன. ஆனால் 1776இல் வெளிவந்த அரசாணை ஒன்று, குடியேற்ற நாட்டுப் பதிவேடுகளின் படி ஒன்றைப் பிரான்சுக்கு அனுப்பிக் காக்க வேண்டும் என விதித்திருந்தது. அப்படிகள் இன்று ஏக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரின் ஆவணக் களரியில் உள்ளன. பிரெஞ்சு அந்தில்லீசில் இன்று வழங்கும் ‘முத்துசாமி’, ‘வீரசாமி’, ‘சிதம்பரோம்’ போன்ற குடும்பப் பெயர்கள் எழுத்தர் செவிக்கு எட்டியவாறு பிரெஞ்சில் எழுதப்பெற்றவை. எளிதில் இனங்காணத்தக்கவை இவை. இவற்றினும் மிகத் திரிந்து, தமிழறியாதார் எவர்க்கும் விளங்காத பெயர்களையும் இத்தகைய ஏடுகளில் எதிர்பார்த்தல் தகும். அவற்றைப் படித்து இன்னார் இன்ன ஊரினர் எனக் காணும் பணியைத் தமிழ்த் துறை மாணவர் மேற்கொள்ளலாம். புதுச்சேரி, காரைக்கால் துறைகளின் புறப்பாட்டு ஏடுகளோடு அவற்றை ஒப்புநோக்குதல் அப்பணியின் முதற்படி.